அக்காவின் ஆட்டத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு

அன்புள்ள உறவினர்களுக்கும் அக்காவின் நண்பர்களுக்கும்,

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்திருக்கும். கோயில் வளாகத்தில் காபி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். காபியோடு இதைப் புரட்டினால் நடுவிலிருந்து உள்ளங்கை அளவில் மஞ்சள் சீட்டு ஒன்று கீழே விழும். ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. அக்காவின் கணவர், எங்கள் மாமா, இருக்கிறார். அக்காவிடம் கணக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாமா, "மாப்ள, அவகூட உக்காந்து அதிகமா ஆடுனவன் நீதான். நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அக்கா பிறந்தது சங்ககிரியில். அப்பா அங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தார். ஆபீஸுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு, நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு. அப்பா போனில் பேசுவதெல்லாம் வீட்டுக்குள் கேட்கும். "நாக்பூர்ல ரிட்டன் லோடு இருக்குதுங்களா? இல்லீங்களா? செரி, வண்டி நிக்கட்டுங்க." எங்களுக்கு இதுதான் சுப்ரபாதம். சரக்கோடு போன லாரி சரக்கோடு திரும்பினால்தான் பிழைப்பு. திரும்பி வரச் சரக்குக் கிடைக்கும்வரை வண்டி போன ஊரிலேயே நிற்கும். நான் இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அக்கா போட்டுக்கொண்டார். ஏழு வயதில் அப்பாவிடம், "ஏனுங்கப்பா, லோடு கெடைக்காட்டி டிரைவர் மாமா அங்கயே இருந்துக்குவாரா? அவிய ஊட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டாராம். அப்பா கடைசிவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்கு மூன்று வருடம் கழித்து நான் பிறந்தேன். அம்மா கேலியாகச் சொல்வார், "ரெண்டு பேருக்கும் பங்கு வெக்கச் சொல்லி ஆண்டவர் மூளைய அனுப்புனாரு, மூத்தவ முந்திக்கிட்டா" என்று. கேலிதான். ஆனால் தினமும் கேட்டால் கேலியும் உறைக்கும். படிப்பில் தோற்றேன், பாட்டில் தோற்றேன். மறைக்கல்வித் தேர்வில்கூட அக்காவுக்குப் பரிசாக ஜெபமாலை, எனக்கு ஆறுதலாக ஒரு படம். தாயத்தில் தோற்றேன், கேரமில் தோற்றேன். பரமபதம் வெறும் அதிர்ஷ்டம் என்பார்கள். அக்காவோடு உட்கார்ந்தால் அதிலும் எனக்குப் பாம்புதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். சாக்குச் சொல்வதற்காக இல்லை, நடந்தது விளங்குவதற்காக.

அக்கா சேலத்தில் கணிதம் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த மாமாவைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே ஃபேர்லேண்ட்ஸில் குடியேறினார். நான் சங்ககிரியிலேயே தங்கி, டயர் ரீட்ரேடிங் பட்டறை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் அம்மாவும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம். சாப்பாடு, அரட்டை, பிறகு ஆட்டம்.

பின்னம் என்றால் மிரண்டு ஓடும் பிள்ளைகளுக்காக அக்கா ஒரு நாள் வகுப்பில் அட்டை வெட்டி ஆட்டம் ஒன்று செய்தார். பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். அன்றைக்குப் பிடித்த பித்து. சில வருடங்களில் பள்ளி வேலையை விட்டுவிட்டு, பலகை விளையாட்டுகளை வடிவமைப்பதே வேலை என்று வீட்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு வேலை இருப்பதே நம் சொந்தங்களில் பலருக்குத் தெரியாது. "தாயக்கட்டை டீச்சர்" என்று பெயர் வைத்தோம். "பிள்ளை இல்லாத ஊட்ல விளையாட்டுச் சாமான் எதுக்கு?" என்று ஒரு கல்யாண வீட்டில் அக்காவின் காதுபடவே ஒருவர் கேட்டார். அவர் பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். மற்றொரு பெரியவர், "ஏங்கண்ணு, இன்னும் விளையாடிட்டுத்தான் இருக்கறயா?" என்றபோது அக்கா, "ஆமாங்க மாமா. நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க, நான் விளையாடிட்டு இருக்கேன்" என்றார். பெரியவர் ரிட்டையர் ஆகிப் பல காலம் ஆகியிருந்தது.

ஆனால் அது வேலைதான், கடுமையான வேலை. பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் பலகை வரைவார். சட்டைப் பொத்தான்தான் காய். விதிகளை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுவார். பிறகு விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாத யாரையாவது பிடித்து உட்கார வைத்து, தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார். வாயைத் திறந்தால் விளக்கம் சொல்லிவிடுவோம் என்பதற்காகத்தான் அந்த மூடி. "பொட்டியோட நானும் ஒவ்வொரு ஊட்டுக்கும் போயி வெளக்க முடியுமா? தாளுதான் பேசோணும்" என்பார். ஆடுகிறவர் சந்தேகம் கேட்டுவிட்டால் அந்த வரியை அடித்துத் திரும்ப எழுதுவார். ஒவ்வொரு சோதனை ஆட்டத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம். யார் ஆடினார்கள், எந்தக் காயை எங்கே நகர்த்தினார்கள், யார் எப்போது கொட்டாவி விட்டார்கள் என்பதுவரை இருக்கும். கொட்டாவிக்கு ஒரு 'கொ' போட்டு வட்டமிடுவார். என் பெயருக்கு நேரே நிறைய வட்டம் உண்டு.

அப்பா இறந்த அடுத்த ஆண்டு அக்கா 'லோடு' என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன் செய்தவையெல்லாம் பாடத்துக்கானவை. இது அப்பாவுக்கானது. பெட்டி மூடியின் உட்புறத்தில் "நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் லோடு தேடிய அப்பாவுக்கு" என்று அச்சிடுவதாக முதல் நாளே முடிவு செய்துவிட்டார்.

ஆட்டம் இதுதான். பலகையில் இந்தியாவின் சாலைப் படம், நடுவில் சங்ககிரி. ஆளுக்கொரு மரலாரி. லோடு ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் புள்ளி. தூரத்து ஊருக்கு நிறையப் புள்ளி, ஆனால் அங்கே ரிட்டன் லோடு கிடைக்குமா என்பது சீட்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிடைக்காவிட்டால் வண்டி நிற்கும், மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஊருக்குப் புள்ளி கம்மி. முதலில் நூறு புள்ளி சேர்ப்பவருக்கு வெற்றி. லாரித் தொழிலின் ஆசையும் பயமும் அதில் அப்படியே இருந்தன. முதல் தடவை ஆடிவிட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் நாங்கள் மூவர். நான்காவது லாரியை அக்காவே எடுத்துக்கொண்டு, ஆடியபடியே நோட்டில் எழுதுவார். அம்மாவை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த லோடு ஏற்றினாலும் வண்டியை வேளாங்கண்ணிக்கு விட்டுவிடுவார். "புள்ளி கெடக்குது, மாதாவப் பாத்துட்டு வந்தர்றேன்" என்பார். மாமா ஆசைக்காரர், காஷ்மீர் போகாமல் அடங்க மாட்டார். பாதி ஆட்டம் அவர் வண்டி ஜம்முவில் லோடு இல்லாமல் நின்றுகொண்டிருக்கும், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஜெயிக்க வேண்டும் என்று ஆடியவன் நான் ஒருவன்தான்.

மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ, எனக்கு அது தட்டுப்பட்டது.

பள்ளிபாளையம் சங்ககிரிக்குப் பக்கம். அங்கே நூல் லோடு எப்போதும் உண்டு, சீட்டு எடுக்கத் தேவையில்லை என்று அக்கா வைத்திருந்தார். நிஜத்திலும் அப்படித்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். போனால் சின்னப் புள்ளி, திரும்பி வந்தால் சின்னப் புள்ளி. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆக, வேறெங்கும் போகாமல் சங்ககிரிக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடையாக நடந்தால் போதும். வண்டி ஒரு தடவைகூட நிற்காது. நாக்பூர் போனவர் திரும்பி வருவதற்குள் நூறு வந்துவிடும். எதிரே யார் இருந்தாலும் தோற்க முடியாது.

சோதனைக்கு உட்கார்ந்தவனின் வேலையே இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் உடனே சொல்வதுதான். அக்கா அதற்காகத்தான் எங்களை உட்கார வைத்தார். "ஜெயிக்கறது முக்கியமில்லடா, எங்க ஒடையுதுன்னு பாரு" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட்டுத்தான் பலகையை விரிப்பார். நான் சொல்லவில்லை. அன்று ஜெயித்தேன். என் வாழ்க்கையில் அக்காவை நான் ஜெயித்த முதல் ஆட்டம் அது. அக்கா என் முதுகில் தட்டி, "அட, நம்ம சாமிக்கு மூளை இருக்குதும்மா!" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார். அம்மா கையில் கரண்டியோடு வந்து பார்த்தார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன், எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தத் தட்டலுக்காக அடுத்த ஞாயிறுவரை காத்திருந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அதற்குமேல் செய்ததுதான் பெரிய குற்றம். திரும்பத் திரும்பப் பள்ளிபாளையம் போனால் நோட்டில் பதிவாகும், அக்கா கண்டுபிடித்துவிடுவார். அதனால் நடுவில் ஒரு தடவை பெங்களூருக்கு வண்டியை விடுவேன், பேருக்கு. நாலைந்து ஆட்டத்துக்கு ஒன்றில் வேண்டுமென்றே நாக்பூர் போய்ச் சிக்கிக்கொண்டு தோற்பேன். தோற்றால்தானே ஜெயிப்பது இயல்பாகத் தெரியும்? கள்ளக் கணக்கு எழுதுகிறவனுக்குக்கூட இவ்வளவு நுணுக்கம் வராது. அக்கா பேனா மூடியைக் கடித்தபடி எல்லாவற்றையும் உண்மை என்று நம்பி எழுதிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் அச்சுக்குப் போனது. சிவகாசியிலிருந்து பெட்டிகள் வந்து முன்னறையை நிறைத்தன. அன்று அக்கா ஒரு பெட்டியை மோந்து பார்த்ததை நான் மறக்கவில்லை. சேலம் புத்தகக் கண்காட்சியில் நன்றாக விற்றது. சென்னையிலிருந்து ஒரு விளையாட்டு நிறுவனம் தானே எடுத்து எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோவதாகப் பேசியது. அச்சுக்கு அனுப்பும் முன்பாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பெட்டிகள் வாங்கியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க அக்கா போனார். காரை நான்தான் ஓட்டினேன். ஆறாம் வகுப்பு. எல்லா மேசையிலும் லாரிகள் சங்ககிரிப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு பெண் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"மிஸ், எதுக்குங் மிஸ் அவ்ளோ தூரம் போகோணும்? பள்ளிபாளையத்துக்கே போயிட்டுப் போயிட்டு வந்தாப் போதுமில்லீங்களா? நாங்க எல்லாரும் அப்படித்தானுங் ஆடறோம். ஆனா இப்ப போரடிக்குதுங் மிஸ்."

அக்கா முதலில் சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து ஆடினார். மூன்று ஆட்டம். மூன்றிலும் தோற்றார். எழுந்து அவளுக்குக் கை கொடுத்து, "ரொம்ப நன்றி கண்ணு. இத நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வயதுப் பெண் செய்த வேலையை நான் செய்யவில்லை.

தலைமையாசிரியை கொடுத்த கை முறுக்குப் பொட்டலம் அக்கா மடியில் பிரிக்காமல் கிடந்தது. கொண்டலாம்பட்டி பைபாஸ் வரும்வரை எதிரே வந்த லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, நீ இத்தன ஆட்டம் ஆடுனயே, உனக்கு இது தட்டுப்படவே இல்லியா?"

"இல்லக்கா."

"எனக்கும் படலியே" என்றார். என்மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. "நான் சரியாப் பாக்கலடா. அப்பா பேரு போட்ட பொட்டி" என்றார். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எந்த ஆட்டத்தில் தோற்றபோதும் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

அந்த வாரமே அக்கா மஞ்சள் தாளில் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்தார். "வடிவமைத்தவரின் கவனக்குறைவால் ஒரு விதி விடுபட்டுவிட்டது. வருந்துகிறேன். சங்ககிரியிலிருந்து ஒரே ஊருக்கு அடுத்தடுத்து இரு முறை லோடு ஏற்றக் கூடாது. நடுவே வேறோர் ஊருக்குப் போய்வர வேண்டும்." கீழே அக்காவின் கையெழுத்து. முகவரி தெரிந்த ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பினார். சாப்பாட்டு மேசையில் அக்கா சீட்டை மடித்து உறையில் போட, நான் எதிரே உட்கார்ந்து தபால்தலை ஒட்டினேன். ஒவ்வொரு உறையிலும் 'வடிவமைத்தவரின் கவனக்குறைவால்' என்ற வரி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். "பாவம், உனக்கும் வேலை கெட்டுச்சு" என்று அக்கா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிக் குடித்தேன்.

கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. சென்னை நிறுவனம் பின்வாங்கியது. "தாயக்கட்டை டீச்சர் ரூலையே மறந்துட்டாங்களாம்" என்று நம் வீட்டு விசேஷங்களில் பேச்சு வந்தபோது நானும் அந்த வட்டத்தில் நின்றிருக்கிறேன். சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அக்கா பலகைகளைப் பரணில் ஏற்றிவிட்டு மறுபடி ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு வருடம். ஐம்பத்தோரு வயதுகூட முழுதாக வாழாதவருக்கு நான்கு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த நான்கு வருடத்தில் எத்தனை ஆட்டம் பிறந்திருக்கும்? அதை அக்காவிடமிருந்து பிடுங்கியவன் நான்.

பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் போனேன். பூசைக்குத் தாமதம், பிள்ளைகளிடம் கோபம் என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் "பொய் சொன்னேன் சுவாமி" என்று நுழைத்தேன். யாரிடம், என்ன பொய் என்று நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். பொய்யைக்கூட ஒளித்துச் சொல்கிற வித்தை எனக்குக் கைவந்திருந்தது. முழந்தாளில் இருந்தபடி மூன்றையும் சொன்னேன். நான்காவதாக எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லவில்லை.

நான்கு வருடம் கழித்து அக்கா திரும்ப ஆட்டத்துக்கு வந்தார், ஆனால் வேறு ஆளாக. வீட்டில் யாரையும் சோதனைக்கு உட்கார வைக்கவில்லை. பெண்கள் விடுதி, பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு என்று முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போனார். ஞாயிறுகளில் நாங்கள் போனால் சாப்பாடு உண்டு, அரட்டை உண்டு, பலகை மட்டும் வராது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அந்தக் காலத்தில் செய்த 'வாய்க்கால்' ஆட்டத்தைத்தான் உங்களில் பலர் அறிவீர்கள். ஆற்றுத் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வரும். ஆளுக்கொரு வயல். முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால் எல்லாருக்கும் விளையும். ஒருவர் மறைத்து மடையைத் திறந்தால் கடைமடை காய்ந்து எல்லாரும் தோற்பார்கள். ஜெயித்தாலும் சேர்ந்துதான், தோற்றாலும் சேர்ந்துதான். பள்ளிகள் வாங்கின, கடைகள் தேடி வந்தன. அக்காவுக்குப் பாராட்டு நடந்த நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். மறைத்து மடையைத் திறக்கிற அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டே தட்டினேன்.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவை, மருந்து, தலைமுடி போனது, எல்லாம் நீங்கள் உடனிருந்து பார்த்தவைதான். அக்கா வேலையை விடவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தால், "அத வெச்சுட்டு இதுல ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க" என்பார். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கொட்டாவிக்கு வட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி வாரங்களில் ஒரு மதியம் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் 'லோடு' பெட்டி, பழைய அச்சு. கூடவே அந்தக் காலத்துச் சோதனை நோட்டு.

"வாடா. சோதனைக்கு இல்ல, சும்மா ஆடலாம். உங்கூட ஆடி எத்தன வருசமாச்சு."

பலகையை விரித்தேன். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வாயால் வராவிட்டால் ஆட்டத்தாலாவது சொல்லலாம் என்று என் லாரியைப் பள்ளிபாளையத்துக்கு விட்டேன். திரும்பினேன். மறுபடி பள்ளிபாளையம். அக்கா சிரித்தார். "அதுக்குத்தான் சீட்டுப் போட்டாச்சே" என்றார். நான், "அக்கா, அந்த ஓட்டை..." என்று தொடங்கினேன்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை என் முன் வைத்தார்.

"எனக்குத் தெரியும்டா. இந்தாட்டத்தப் பாரு. நீ ஜெயிக்கற எடத்துல இருக்கறே. திடீர்னு நாக்பூருக்கு வண்டிய உட்டுட்டுத் தோத்துட்டே. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அப்பா போயி வருசம் திரும்பல, நான் அழுதுட்டே கெடந்தேன். அக்கா ஜெயிக்கட்டும்னு நீ தோத்துக் குடுத்திருக்கறே. பொட்டியெல்லாம் திரும்பி வந்தப்பறம்தான் நோட்டப் பாத்தேன். பாசமா இருக்கறவிய சோதனைக்கு ஆவ மாட்டாங்கன்னு அன்னிக்கு முடிவு பண்ணுனேன். அதுக்குத்தான் உன்னைய ஆட்டத்துக்குக் கூப்புடல. உன்னைய ஒதுக்குனேன்னு நெனச்சுட்டியா சாமி?"

என் திருட்டை மறைக்க நான் தோற்ற ஆட்டங்கள் அவை. அக்கா அவற்றை அன்பு என்று படித்திருந்தார். பத்து வருடமாக அப்படியே வைத்திருந்தார்.

"அதுதானடா?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

மாமா கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். அக்கா இரண்டு கரண்டி குடித்துவிட்டு ஆட்டத்தை முடித்தார். சீட்டில் ரிட்டன் லோடு வந்தது, ஜெயித்தார். ஒன்பதாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார். முதல் பொய்யை என் ஆசைக்காகச் சொன்னேன். இரண்டாவதை அக்காவின் நிம்மதிக்காகச் சொன்னேன் என்று பல மாதம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். இல்லை. அதுவும் எனக்காகத்தான். பாசமான தம்பி என்ற பெயரோடு அக்காவை வழியனுப்ப எனக்கு ஆசையாக இருந்தது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் கொடுத்தேன். கடையில், காயில் கட்டிக்கொண்டிருந்த மோட்டாரை நகர்த்தி வைத்துவிட்டு முழுதும் படித்தார். பிறகு, "அவகிட்ட நீ சொல்லியிருந்தீன்னா, அடிச்சிருப்பா மாப்ள. அடிச்சுட்டு உக்காந்து ஆட்டத்தத் திருத்தியிருப்பா. அவ்வளவுதான் நடந்திருக்கும்" என்றார். அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்துவிட முடியாது. தாளை என் கையில் திருப்பிக் கொடுத்து, "ஒரு வரியும் எடுக்காத, அப்படியே குடு" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியர் சகோதரிக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், வாடகை வாங்காமல் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டாருக்கும், அடக்கத்தன்று வெயிலில் நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் ஆட்டங்களை முகத்தாட்சண்யம் பார்க்காமல் ஆடி, போரடித்த இடத்தில் கொட்டாவி விட்ட விடுதிப் பெண்களுக்கும் டீக்கடை நண்பர்களுக்கும் தனியாக நன்றி. பெயர் தெரியாத அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு, அவள் இன்று எங்கிருந்தாலும், எல்லாரையும்விட அதிக நன்றி. என் வேலையை அவள் செய்தாள்.

இனி அந்த மஞ்சள் சீட்டு. நம் சொந்தங்களில் பலர் வீட்டில் 'லோடு' பெட்டி இன்னும் பரணில் இருக்கும். அன்றைக்கு ஒரு பேச்சுக்கு வாங்கியது. தயவுசெய்து இறக்குங்கள். உள்ளே அக்கா அனுப்பிய பழைய சீட்டு இருக்கும், மூலையில் நான் ஒட்டிய தபால்தலையோடு அதன் உறையும் இருக்கலாம். விதி மறையாமல் பழைய சீட்டுக்குக் கீழே இதை ஒட்டிவிடுங்கள். பிறகு பெட்டியை மூடாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஆட்டம் நல்ல ஆட்டம். அப்பா பெயருக்குத் தகுந்த ஆட்டம்.

சீட்டு தவறிப் போனவர்களுக்காக, அதில் உள்ளது:

திருத்தம். 'வடிவமைத்தவரின் கவனக்குறைவால்' என்று முன்பு அச்சானதை அடித்துவிடவும். 'தெரிந்தும் சொல்லாத தம்பியால்' என்று திருத்திப் படிக்கவும். மற்றபடி அக்கா எழுதிய விதிகளில் மாற்றம் எதுவும் இல்லை.